ஒரே நிறத்தில் ஒளிந்த மழை: தாம்பரத்தின் 2015 வெள்ளமும் தரவுக் காட்சிப்படுத்தல் நெறிகளும்

ஆய்வுச் சுருக்கம்

எண்களைக் கண்ணால் ஒப்பிடத்தக்க வடிவங்களாக மாற்றுவது தரவுக் காட்சிப்படுத்தல் எனப்படும். 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழையும், சென்னை நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழையும் பதிவாயின. நடைமுறையிலுள்ள மழை வகைப்பாட்டைக் கொண்டு நிலப்படத்திற்கு நிறமிட்டால் இவ்விரு இடங்களும் ஒரே நிறத்தைப் பெறும், 20 செ.மீ. வேறுபாடு பார்வைக்கு வராமல் போகும். வகுப்பு எல்லை, கால அலகு, அளவை அலகு, நிலப்பரப்பு எல்லை, வெற்றிடம், மொழி ஆகிய ஆறு வடிவமைப்புத் தெரிவுகள் மழை, வெள்ளம் குறித்த படங்களின் பொருளை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதைத் தென்சென்னைப் புறநகர்ப் பகுதியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. துறையின் அண்மைக்கால வளர்ச்சிகளையும் தமிழ் ஆய்வாளர்கள் கைக்கொள்ளத்தக்க நெறிகளையும் அது தொகுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தரவுக் காட்சிப்படுத்தல், மழை நிலப்படம், நிறப்படிநிலை, தாம்பரம், அடையாறு, 2015 வெள்ளம், தமிழ் எழுத்துரு.

1. முன்னுரை

ஆய்வேடுகளிலும் அரசு அறிக்கைகளிலும் நாளிதழ்களிலும் வரைபடங்கள் பெருகிவிட்டன. கணிப்பொறியில் ஓர் அட்டவணையைத் தேர்ந்தெடுத்துச் சில நொடிகளில் அதனைப் பட்டை வரைபடமாகவோ வட்ட வரைபடமாகவோ மாற்றிவிட முடிகிறது. இவ்வெளிமையினால் வரைபடம் என்பது எழுதி முடித்த கருத்துக்குச் சேர்க்கப்படும் அணிகலன் என்ற எண்ணம் ஆய்வுலகில் வேரூன்றியுள்ளது. ஆயினும், எந்த எண்ணை எந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும், எங்கு வேறுபாடு உண்டு, எங்கு இல்லை என்பனவற்றை வரைபடமே வாசகருக்கு முடிவு செய்து தருகிறது. அவ்வகையில் அது கட்டுரையின் வாதத்திற்கு நிகரானது.

இக்கருத்தை விளக்கத் தாம்பரமும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரும் பொருத்தமான களமாகின்றன. 2015-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர் முதலிய பகுதிகள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்தது. இப்பகுதியின் மழையும் வெள்ளமும் பல வடிவங்களில் படமாக்கப்பட்டுள்ளன. அப்படங்களை வரைவோரின் சிறு தெரிவுகள்கூட எந்த ஊரின் துயரம் தெரியும், எந்த ஊரின் துயரம் மறையும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

2. துறையின் வளர்ச்சி: ஒரு சுருக்கம்

புள்ளிவிவர வரைபடத்தின் தொடக்கம் பொதுவாக வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட வணிக, அரசியல் வரைபடத் தொகுப்போடு இணைத்துப் பேசப்படுகிறது. 1854-இல் இலண்டன் நகரில் பரவிய காலராவை ஜான் ஸ்னோ தெருவாரியாக நிலப்படத்தில் குறித்ததும், 1858-இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் படைவீரர்களின் இறப்புக் காரணங்களை வட்டக்கூறுகளாக வரைந்ததும் படம் பொதுநலச் சான்றாகிய நிகழ்வுகள்.

கோட்பாட்டு நிலையில் பிரெஞ்சு நிலப்படவியலாளர் ஜாக் பெர்த்தான் 1967-இல் வெளியிட்ட நூல் முதன்மையானது. இடம், அளவு, நிறம், அடர்த்தி, திசை, வடிவம் முதலியவற்றைக் காட்சி மாறிகள் என அவர் வகுத்தார். எட்வர்டு டஃப்டி 1983-இல் எண்ணளவைத் தகவல்களின் காட்சி வடிவம் பற்றி எழுதிய நூல் வடிவமைப்பு நெறிகளைப் பரவலாக்கியது. 1984-இல் வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் இருவரும் நிகழ்த்திய சோதனைகள் கண் எதனைத் துல்லியமாக ஒப்பிடுகிறது என்பதை வரிசைப்படுத்தின. ஒரே அளவுகோலின்மீது அமைந்த புள்ளிகளின் நிலையைக் கண் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறது. நீளம், கோணம், பரப்பு என்ற வரிசையில் துல்லியம் குறைந்துகொண்டே வருகிறது. நிறச்செறிவு கடைசி நிலைகளில் நிற்கிறது. மழை நிலப்படங்கள் பெரும்பாலும் நிறச்செறிவையே நம்பியிருப்பதால் இம்முடிவு ஈண்டு முக்கியத்துவம் பெறுகிறது.

லேலண்ட் வில்கின்சன் 1999-இல் வரைபடங்களுக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். ஆர் மொழியின் ஜிஜிபிளாட் தொகுப்பு அவ்விலக்கணத்தைப் பின்பற்றி உருவானது. 2011-இல் மைக் பாஸ்டாக், வாடிம் ஒகியெவெட்ஸ்கி, ஜெஃப்ரி ஹீர் ஆகியோர் அளித்த டி3 நிரல் நூலகம் இணையத்தில் ஊடாடும் படங்களுக்கு வழிவகுத்தது. இன்று துறையின் கவனம் மூன்று திசைகளில் செல்கிறது: நிறத்தேர்வின் அறிவியல் அடிப்படை, உறுதியின்மையைக் காட்டும் முறை, தரவில் இடம்பெறாதோரைப் பற்றிய பொறுப்பு. இம்மூன்றும் தாம்பரம் மழைத் தரவில் நேரடியாக எதிர்ப்படுகின்றன.

3. 2015 டிசம்பர்: எண்களும் சராசரியும்

2015 நவம்பர் மாதத்தில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. மழை பதிவானது. ஏரிகளும் குளங்களும் நிறைந்து, மண் நீரை உள்வாங்கும் திறனை இழந்திருந்த நிலையில் டிசம்பர் 1 அன்று மீண்டும் பெருமழை பெய்தது. மறுநாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. என மழை பதிவாயிற்று. மின்தொடர்ப் பாதையில் மீனம்பாக்கத்திலிருந்து ஐந்தாவது நிலையம் தாம்பரம். அக்குறுகிய தொலைவுக்குள் மழையளவு 14 செ.மீ. மாறியுள்ளது.

இந்நான்கு எண்களின் சராசரி 40 செ.மீ. ஆகும். இந்நான்கு இடங்களில் ஓரிடத்திலும் 40 செ.மீ. மழை பெய்யவில்லை. அச்சராசரியை ஒரே பட்டையாக வரைந்து 'சென்னைப் பகுதி மழை' எனத் தலைப்பிட்டால், வாசகர் காணும் அளவு எந்த ஊருக்கும் உரியதாகாது. நான்கு இடங்களையும் ஒரே அளவுகோலின்மீது நான்கு புள்ளிகளாக வைத்தால் உயர்வும் தாழ்வும் உடனே விளங்கும். கிளீவ்லாந்து, மெக்கில் ஆகியோரின் முடிவும் இதனையே பரிந்துரைக்கிறது.

மற்றொரு வழக்கமும் கருதத்தக்கது. ஊடகங்களில் 'சென்னையின் மழை' எனப்படுவது பெரும்பாலும் நுங்கம்பாக்கம் நிலையத்தின் அளவே. நீண்டகாலப் பதிவுகளைக் கொண்ட நிலையம் என்பதால் வரலாற்று ஒப்பீட்டிற்கு அது இன்றியமையாதது. எனினும், 2015 டிசம்பர் நாளை நுங்கம்பாக்கத்தின் எண்ணால் மட்டும் குறிக்கும் கால வரிசைப்படம், தாம்பரத்தில் பெய்த மழையின் ஐந்தில் மூன்று பங்கையே காட்டுகிறது. நிலையத்தின் பெயரைப் படத்தின் தலைப்பிலேயே குறிப்பிட்டால் இப்பிழையைத் தவிர்க்கலாம்.

4. நிறப்படிநிலை: திறந்த மேல்வகுப்பின் சிக்கல்

இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேர மழையைப் பின்வருமாறு வகைப்படுத்துகிறது: 64.5 முதல் 115.5 மி.மீ. வரை கனமழை, 115.6 முதல் 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதற்கு மேற்பட்டது அதிகனமழை. முன்னெச்சரிக்கைக்குப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நான்கு நிறங்கள் வழங்கப்படுகின்றன.

இவ்வகைப்பாட்டின் கடைசி வகுப்புக்கு மேல்வரம்பு இல்லை. எனவே 21 செ.மீ. மழையும் 49 செ.மீ. மழையும் ஒரே வகுப்பைச் சாரும். முன்கூறிய நான்கு நிலையங்களும் இவ்வகுப்பிலேயே அடங்குகின்றன. வகுப்புவாரியாக நிறமிட்ட நிலப்படத்தில் நுங்கம்பாக்கம் முதல் தாம்பரம் வரை ஒரே நிறம் பரவியிருக்கும். அப்படத்தில் எண்சார்ந்த பிழை எதுவும் இல்லை. ஆனால், அந்நாளின் மிக முக்கியமான வேறுபாட்டை அது சொல்லவில்லை.

முன்னெச்சரிக்கைப் படமும் ஆய்வுப் படமும் வெவ்வேறு நோக்கம் உடையவை. எச்சரிக்கையின் நோக்கம் செயலைத் தூண்டுவதாகும். 20 செ.மீ. அளவைத் தாண்டிய மழைக்கு மக்களும் அதிகாரிகளும் உச்ச நிலை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதால், அதற்கு மேல் வகுப்புகளைப் பெருக்குவதால் பயனில்லை, குழப்பமே மிஞ்சும். நிகழ்ந்து முடிந்த மழையை ஆராயும் படமோ வடிகால் அளவு, ஏரி கொள்ளளவு, இழப்பீடு முதலிய கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டியது. அதற்கு 20 செ.மீ.க்கு மேலும் வகுப்புகள் தேவை. எச்சரிக்கைக்கு உரிய வகுப்புகளை ஆய்வேட்டில் அப்படியே எடுத்தாள்வதே இங்குச் சுட்டப்படும் குறை.

இச்சிக்கல் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. 2013 சனவரியில் ஆஸ்திரேலிய வானிலைத் துறை 50 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தைக் காட்டத் தன் வெப்பநிலைப் படத்தில் புதிய ஊதா நிறங்களைச் சேர்த்தது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டன் பகுதியில் பெருமழையைக் கொட்டியபோது, அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் நிறப்படிநிலை போதாமற்போகவே, மேலும் இரு ஊதாச் சாயல்கள் இணைக்கப்பட்டன. பழைய அனுபவத்தின் எல்லைக்குள் வகுக்கப்பட்ட நிறங்கள் புதிய உச்சங்களைத் தாங்குவதில்லை என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

நிறங்களின் வரிசையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. வானவில் நிறங்களை அளவுகளுக்கு ஏற்றுவது நெடுநாள் வழக்கம். ஆயின், சிவப்பு பச்சையைவிட மிகுதி என்று கண் இயல்பாக உணர்வதில்லை. வெளிர்நிறத்தைவிட அடர்நிறம் மிகுதி என்பதையே உணர்கிறது. மேலும், வானவில் வரிசையில் மஞ்சள் பளிச்சென்று தோன்றுவதால் இடைப்பட்ட அளவே உச்சமெனத் தோன்றும். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய இயலாத வாசகர்க்கு இவ்வகைப் படம் முற்றிலும் பயன்படாது. இக்காரணங்களால் மேட்பிளாட்லிப் நிரல் நூலகம் 2017-இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பில், ஒளிர்வு சீராக மாறும் விரிடிஸ் எனும் நிறவரிசையை இயல்புத் தெரிவாக ஏற்றது. நிலப்படங்களுக்குச் சிந்தியா புரூவர் உருவாக்கிய கலர்புரூவர் நிறத்தொகுப்புகளும் இந்நெறியைப் பின்பற்றுகின்றன. மழைக்கு வெளிர்நீலத்திலிருந்து அடர்நீலம் வரையிலான ஒற்றைநிறப் படிநிலையே கறுப்பு வெள்ளை அச்சிலும் பொருள் மாறாமல் நிற்கும்.

5. கால அலகு: காலை 8.30 என்னும் கோடு

வானிலை ஆய்வுத் துறையின் மழைநாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. டிசம்பர் 2-க்கு உரியதாகப் பதிவாகும் மழையில் பெரும்பகுதி டிசம்பர் 1 அன்று பெய்ததாக இருக்கக்கூடும். நாளிதழ்ச் செய்திகளையும் வானிலைப் பதிவுகளையும் ஒரே கால அச்சில் இணைக்கும் ஆய்வாளர் இதனைக் கவனிக்காவிடில், வெள்ளம் முந்தியும் மழை பிந்தியும் நிகழ்ந்ததாகப் படம் காட்டிவிடும்.

இக்கோடு மழையைப் பிளக்கவும் செய்யும். எடுத்துக்காட்டாக, நள்ளிரவில் தொடங்கி மறுநாள் மாலைவரை நீடித்த மழை 8.30 மணிக்கு முன் 18 செ.மீ., பின் 18 செ.மீ. எனப் பிரிந்து பதிவானால், இரு நாள்களும் தனித்தனியே 'மிகக் கனமழை' எனும் வகுப்பில் அடங்கும். ஒரே தொடர்மழை 36 செ.மீ. கொட்டியது என்ற உண்மை நாள்வாரிப் பட்டைகளில் தோன்றாது.

திரள் வரைகோடு இதற்கு ஏற்ற மாற்று. மணிவாரியாகப் பெய்த மழையைக் கூட்டிக்கொண்டே சென்று கோடாக வரைந்தால், கோடு செங்குத்தாக ஏறும் இடம் மழையின் கடுமையையும், கிடையாகச் செல்லும் இடம் ஓய்வையும் காட்டும். நாள் எல்லை எங்கு அமைந்தாலும் கோட்டின் வடிவம் மாறாது. மணிவாரித் தரவு கிடைக்காத பழைய ஆண்டுகளுக்கு, இரண்டு நாள், மூன்று நாள் கூட்டுத்தொகைகளை நாள்வாரி அளவுகளோடு அருகருகே தரலாம்.

6. அளவை அலகுகள்: ஒப்பிட இயலாத எண்கள்

2015 வெள்ளம் பற்றிய செய்திகளில் மழை சென்டிமீட்டரிலும், ஏரியின் கொள்ளளவு மில்லியன் கன அடியிலும், நீர்த்திறப்பு வினாடிக்குக் கன அடியிலும் தரப்பட்டன. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. டிசம்பர் 1 அன்று வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. இவ்வெண்களைத் தனித்தனியே அறிந்த வாசகரும் அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது அரிது.

எளிய கணக்கீடு இவ்விடைவெளியை நிரப்பும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 49 செ.மீ. மழை பெய்தால் 4,90,000 கன மீட்டர், அதாவது 49 கோடி லிட்டர் நீர் விழுகிறது. இது ஏறத்தாழ 17.3 மில்லியன் கன அடி. இக்கணக்கின்படி, ஏறத்தாழ 210 சதுர கிலோமீட்டர் பரப்பில் அதே அளவு மழை பெய்தால் அதன் மொத்த நீர் செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவுக்குச் சமமாகும். வினாடிக்கு 29,000 கன அடி நீர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் 104.4 மில்லியன் கன அடியாகிறது. அதே வேகத்தில் ஏரியின் முழுக் கொள்ளளவும் வெளியேற ஏறத்தாழ 35 மணி நேரம் ஆகும். மண்ணில் ஊறுவதும் ஏரிகளில் தங்குவதும் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. எனினும், வானிலிருந்து நேரடியாக விழுந்த நீரும் ஏரியிலிருந்து வந்த நீரும் ஒரே அலகில் தரப்பட்டால்தான், எது எவ்வளவு என்ற கேள்வியையே வாசகர் எழுப்ப முடியும்.

மழையையும் நீர்த்திறப்பையும் ஒரே படத்தில் இடவச்சு, வலவச்சு என இரு அளவுகோல்களில் வரைவது பரவலான பழக்கம். இரு அச்சுகளின் அளவுகோலையும் வரைபவர் விருப்பம்போல் நீட்டவும் சுருக்கவும் இயலுமாதலால், இரு கோடுகளும் ஒன்றாக ஏறுவதுபோலவோ ஒன்றையொன்று முந்துவதுபோலவோ தோற்றுவிக்கலாம். காரணகாரியம் குறித்த பொது விவாதம் நிலவும் பொருளில் இது பெருந்தவறான புரிதலுக்கு இட்டுச்செல்லும். இரண்டையும் மேலும் கீழுமாக இரு தனிப்படங்களாக, ஒரே கால அச்சில் அமைப்பதே நேர்மையான முறை.

7. நிலப்பரப்பு: ஆட்சி எல்லையும் நீரின் எல்லையும்

2015 வெள்ளத்தைப் பற்றிய பேச்சில் செம்பரம்பாக்கம் ஏரியே மையமாக நின்றது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அக்கலப்பிடத்திற்கு மேற்புறத்தே, ஆற்றின் மேல்பகுதியில் உள்ளன. ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் உபரிநீரும் தாம்பரம் பகுதியின் வடிநீரும் அங்கு வந்து சேர்கின்றன. ஆகவே, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளின் வெள்ளத்தை விளக்கும் காரணம் முடிச்சூர் வெள்ளத்தை அப்படியே விளக்காது. ஆறு முழுவதையும் ஒரே நீலக்கோடாக வரைந்து செம்பரம்பாக்கத்தை மட்டும் பெரிதாகக் குறிக்கும் நிலப்படம் இரு வேறு வெள்ளங்களை ஒன்றாக்கிவிடுகிறது. ஏரிகளையும் கால்வாய்களையும் கலப்பிடங்களையும் வரிசைமுறையில் காட்டும் எளிய கோட்டுப்படம், அளவுக்கு ஒத்ததாக இல்லாவிடினும், இவ்வுண்மையைத் தெளிவாகப் புலப்படுத்தும்.

ஆட்சி எல்லையும் இத்தகைய மறைப்பை உண்டாக்கும். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் 70 வார்டுகளோடு தாம்பரம் மாநகராட்சி உருவானது. அவ்விணைப்பில் முடிச்சூர் ஊராட்சி சேர்க்கப்படவில்லை. அம்மாநகராட்சியின் வார்டுவாரி வெள்ளப் படத்தில், வெள்ளத்தால் மிகவும் அறியப்பட்ட முடிச்சூர் நிறமற்ற வெளியாக நிற்கும். மறுபுறம், மாநகராட்சியின் கிழக்குப் பகுதியிலுள்ள சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கியும், மேற்குப் பகுதியின் நீர் அடையாற்றை நோக்கியும் செல்கின்றன. ஒரே ஆட்சி எல்லைக்குள் இரு வடிநிலங்கள் உள்ளன. ஒரே வடிநிலத்திற்குள் பல ஆட்சி எல்லைகள் உள்ளன. வெள்ளத்தை ஆராயும் படத்திற்கு வடிநில எல்லையே அடிப்படையாக அமைய வேண்டும். வார்டு எல்லையை மெல்லிய கோடாக மேலே இடலாம்.

காலவரிசை ஒப்பீட்டிலும் எல்லை மாற்றம் இடர் தரும். 2015-இல் தாம்பரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபின் தாம்பரமும் முடிச்சூரும் புதிய மாவட்டத்திற்குச் சென்றன. வரதராஜபுரம் காஞ்சிபுரத்திலேயே நின்றது. 'காஞ்சிபுரம் மாவட்டம், 2010 முதல் 2023 வரை' என வரையப்படும் கோடு, இடையில் பொருள் மாறிய ஒரு சொல்லின் கோடு. மாற்றம் நிகழ்ந்த ஆண்டில் கோட்டைத் துண்டித்து, அவ்விடத்திலேயே குறிப்பெழுதுவது நெறி.

நில உயரமும் இங்கு இணைத்துக் கருதற்குரியது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் தம் பெரும் நில அளவைக்கான அடிக்கோட்டைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்திற்கும் இடையே ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்திற்கு அளந்தார். சமதரையாக இருந்தமை அவ்வளவைக்கு வாய்ப்பாயிற்று. அதே சமதரை இன்று வெள்ளப் படத்திற்குச் சவாலாகிறது. ஒரு மீட்டர் உயர வேறுபாடே எந்தத் தெருவில் நீர் நிற்கும் என்பதை முடிவு செய்கிறது. பொதுப் பயன்பாட்டில் உள்ள செயற்கைக்கோள் உயரத் தரவுகளின் பிழையோ பல மீட்டர் அளவு உடையது. அத்தரவைக் கொண்டு தெருவாரியாக ஆழம் காட்டும் படம் தன்னிடம் இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுகிறது.

8. வெற்றிடத்தின் பொருள்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எனும் கட்டற்ற நிலப்படத்தை அடித்தளமாகக் கொண்டு, மேப்பாக்ஸ் நிறுவனத்தைச் சார்ந்த அருண் கணேஷ் முதலிய தன்னார்வலர்கள் சென்னைக்கான வெள்ளப் படத்தை இணையத்தில் உருவாக்கினர். நீர் சூழ்ந்த தெருவைப் பொதுமக்களே சொடுக்கிக் குறிக்க முடிந்தது. அலுவல் சார்ந்த அளவீடுகள் வருமுன் தெரு அளவில் நிலைமையை அறிய உதவியமையால், இது இந்தியாவில் மக்கள் பங்கேற்புக் காட்சிப்படுத்தலின் குறிப்பிடத்தக்க முயற்சியாகும்.

இத்தகைய படத்தை வாசிப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. குறிக்கப்பட்ட தெருவில் நீர் இருந்தது. குறிக்கப்படாத தெருவில் நீர் இல்லை என்று கொள்ள இயலாது. மின்சாரமும் கைப்பேசி இணைப்பும் அறுந்த இடங்களிலிருந்து குறிப்புகள் வருவதற்கு வாய்ப்புக் குறைவு. வெள்ளம் கடுமையாக இருந்த தெருவே படத்தில் வெறுமையாக நிற்கலாம். 'நீர் இல்லை', 'தகவல் இல்லை' என்னும் இரண்டும் ஒரே வெள்ளை நிறத்தைப் பெறுவதே இங்குள்ள குறை. தகவல் இல்லாத பகுதிக்குச் சாய்கோட்டு நிரப்பு அல்லது சாம்பல் நிறம் தந்து, குறிவிளக்கத்தில் அதனைத் தனியே சுட்ட வேண்டும். தரவில் இடம்பெறாதோர் யார் எனக் கேட்பதைக் கேத்தரின் டி இக்னாசியோ, லாரன் கிளைன் ஆகியோர் 2020-இல் வெளியிட்ட தரவுப் பெண்ணியம் பற்றிய நூல் துறையின் மையக் கேள்விகளுள் ஒன்றாக முன்வைத்தது.

மழைமானி இல்லாத இடங்களுக்கும் இது பொருந்தும். சமமழைக் கோடுகள் நிலையங்களுக்கு இடைப்பட்ட பரப்பைக் கணித்து நிரப்புகின்றன. படத்தில் மழைமானிகளின் இருப்பிடத்தைப் புள்ளியிட்டுக் காட்டினால், எது அளந்தது, எது கணித்தது என்பது வாசகருக்கு விளங்கும். முன்கணிப்புப் படங்களில் இவ்வுறுதியின்மை மேலும் கூடும். 2015-க்குப் பின் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கல்வி நிறுவனங்களுடன் இணைந்து சென்னைக்கான வெள்ள எச்சரிக்கை அமைப்பை உருவாக்கியது. இத்தகைய அமைப்புகளின் படங்களைப் பயன்படுத்தும் ஆய்வாளர், நீர்ப்பரப்பின் விளிம்பை ஒரு கூரிய கோடாக வரையாமல், வாய்ப்புக்கு ஏற்ப மங்கிச் செல்லும் பட்டையாக வரைவது பொருத்தம். புயல் பாதையின் உறுதியின்மைக் கூம்பைப் புயலின் பரப்பளவு எனப் பலர் தவறாகப் புரிந்துகொள்வதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, உறுதியின்மையை வரைவதோடு அதன் பொருளைச் சொல்லால் விளக்குவதும் கடமையாகும்.

9. தமிழில் வரைதல்: எழுத்தும் சொல்லும்

தமிழ்க் கட்டுரையின் உரை தமிழிலும் அதன் வரைபடம் ஆங்கிலத்திலும் அமைவது இன்றைய பொதுநிலை. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்றுண்டு. ஒருங்குறியில் உயிர்மெய்யின் குறியீடு மெய்யெழுத்துக்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. திரையில் எ, ஏ, ஐ வரிசைக் குறிகள் முன்னே இடப்பட வேண்டும். எழுத்துகளை இவ்வாறு அடுக்கும் திறன் சில வரைபட நிரல்களில் நீண்ட காலம் இல்லை. மேட்பிளாட்லிப் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. பெருங்களத்தூர், சேலையூர், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என இப்பகுதி ஊர்ப்பெயர்கள் பலவும் அவற்றில் சிதைந்து தோன்றும். இணைய உலாவிகள் தமிழ் எழுத்துகளைச் சரியாக அடுக்குவதால், எஸ்விஜி வடிவில் வரையும் டி3 போன்ற கருவிகள் தமிழுக்கு ஏற்றவை. மேலும், தமிழ் ஊர்ப்பெயர்கள் நீண்டவை. செங்குத்துப் பட்டைகளின் கீழ்ப் பெயர்களைச் சாய்த்து எழுதுவதைவிடக் கிடைப்பட்டைகளை வரைந்து இடப்புறத்தில் பெயரெழுதுவது வாசிப்புக்கு எளிது.

சொல் நிலையிலும் ஒரு நுட்பம் உண்டு. 'மிகக் கனமழை', 'அதிகனமழை' ஆகிய தொடர்களில் எது பெரிது என்பதைத் தமிழறிவு மட்டும் கொண்டு துணிய முடியாது. 'மிக', 'அதி' இரண்டும் மிகுதியையே உணர்த்துவன. அவற்றின் ஏறுவரிசை வழக்காற்றால் அன்றி நிருவாக வரையறையால் அமைந்தது. எனவே, தமிழ்க் குறிவிளக்கத்தில் சொல்லோடு எண் எல்லையையும் எப்போதும் சேர்த்தெழுத வேண்டும்.

10. ஆய்வாளர் கைக்கொள்ளத்தக்க நெறிகள்

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பெறப்படும் நெறிகள் வருமாறு:

1. வகுப்பு எல்லைகளைத் தரவின் பரவலுக்கும் ஆய்வு வினாவுக்கும் ஏற்ப அமைத்தல். திறந்த மேல்வகுப்பில் பல மதிப்புகள் குவிந்தால் அதனைப் பிரித்தல்.
2. ஒப்பீடே நோக்கமாயின் நிறத்தைவிடப் பொது அளவுகோலின்மீதான புள்ளியை விரும்புதல்; நிறம் தேவைப்படின் ஒளிர்வு சீராக மாறும் படிநிலையைக் கொள்ளுதல்.
3. நிலையத்தின் பெயர், கால எல்லை, அலகு ஆகியவற்றைப் படத்திலேயே குறித்தல்.
4. வேறுபட்ட அலகுகளை ஒரே அலகுக்கு மாற்றித் தருதல். இரட்டை அச்சைத் தவிர்த்தல்.
5. நிகழ்வின் இயல்புக்கு உரிய நிலப்பரப்பு எல்லையைத் தேர்தல்; ஆட்சி எல்லை மாற்றங்களைப் படத்தில் சுட்டுதல்.
6. சுழியத்தையும் தரவின்மையையும் வேறுபடுத்துதல். அளந்ததையும் கணித்ததையும் பிரித்துக் காட்டுதல்.
7. உரையின் மொழியிலேயே படத்தையும் அமைத்தல்.

11. முடிவுரை

தாம்பரத்தில் பெய்த 49 செ.மீ. மழை பதிவேட்டில் உள்ளது. அதனை எவரும் மறைக்கவில்லை. ஆயினும், மேல்வரம்பற்ற ஒரு வகுப்பு, ஒரு சராசரி, ஒரு மாநகராட்சி எல்லை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும், அது பார்வையிலிருந்து நீங்கிவிடுவதற்கு. வடிகால் எங்கு அகலப்பட வேண்டும், எந்த ஏரி முதலில் தூர்வாரப்பட வேண்டும், எந்தக் குடியிருப்புக்கு முதலில் படகு அனுப்பப்பட வேண்டும் என்னும் முடிவுகள் இத்தகைய படங்களைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன. எனவே, தரவுக் காட்சிப்படுத்தலை ஆய்வு நெறிமுறையின் ஒரு பகுதியாகக் கருதி, வரைபடத்தின் ஒவ்வொரு தெரிவுக்கும் காரணம் கூறும் வழக்கம் தமிழ் ஆய்வேடுகளில் இடம்பெற வேண்டும். அடையாறு, கோவளம் வடிநிலங்களின் மழைத் தரவுகளை வடிநில எல்லையோடும் தமிழ்ப் பெயர்களோடும் மீளப் படமாக்கும் ஆய்வுகள் மேற்கொள்ளப்படின், அவை இத்துறைக்கும் அங்கு வாழும் மக்களுக்கும் ஒருங்கே பயன்தரும்.